கீழே வெயில்... மேலே வெள்ளம்! குற்றால மலைப்பாதையில் நடப்பது என்ன?

தென்காசி:

குற்றாலம் பேரருவி. பளிச்சென்று வெயில் அடிக்கிறது. தண்ணீர் அளவாக கொட்டுகிறது. குழந்தைகளை தோளில் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக குளித்துக்கொண்டு இருக்கிறார்கள். திடீரென விசில் சத்தம். பணியில் இருக்கும் போலீசார் ஓடி வந்து, "வெளிய வாங்க... எல்லாரும் வெளிய வாங்க" என்று விரட்டுகிறார்கள்.

"என்ன சார், வெயில் அடிக்குது, தண்ணியும் நல்லாத்தான விழுது. இப்பதான் வந்தோம், அதுக்குள்ள விரட்டுறீங்களே" என்று தலையில் ஈரத்தோடு சண்டைக்கு நிற்பவர்கள் ஏராளம். குற்றாலத்துக்கு வந்து போகிற யாரும் இந்த காட்சியை பார்த்திருப்பார்கள். சிலர் அப்படி சண்டை போட்டவர்களாகவே இருப்பார்கள்.

உள்ளூர்காரர்கள் மட்டும் வாய் பேசாமல் துண்டை எடுத்துக்கொண்டு கரை ஏறி விடுவார்கள். அவர்கள் பார்ப்பது அருவியை இல்லை. அருவிக்கு மேலே இருக்கிற மலையை. "மேல மழை கெடக்கு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு போய்க்கொண்டே இருப்பார்கள்.

அந்த மேலே என்னதான் இருக்கு? அங்கு பெய்யும் மழை எப்படி இவ்வளவு சீக்கிரம் கீழே வந்து சேருது? செண்பகாதேவி அருவிக்கும், தேனருவிக்கும் இஷ்டப்படி போக முடியாதபடி வனத்துறை ஏன் கெடுபிடி காட்டுகிறது? பலருக்கும் இருக்கும் சந்தேகம் இது. அந்த பாதையில் ஒரு முறை ஏறிப்பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

ஒரே ஆறு... மாடி மாடியாக அருவி

குற்றாலத்தில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி, செண்பகாதேவி அருவி, தேனருவி, பழத்தோட்ட அருவி என்று பல அருவிகள் இருக்கின்றன. இதில் ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி எல்லாம் வேறு வேறு இடங்களில் தனித்தனியாக இருப்பவை. காரிலோ, ஆட்டோவிலோ போய் பக்கத்தில் இறங்கிக்கொள்ளலாம்.

ஆனால் தேனருவி, செண்பகாதேவி, சிற்றருவி, பேரருவி நான்கும் அப்படி இல்லை. நான்குமே ஒரே தண்ணீர். மலை மேலே இருந்து இறங்கி வரும் சிற்றாறுதான் ஒவ்வொரு இடத்திலும் பாறையில் விழுந்து விழுந்து ஒவ்வொரு பெயர் வாங்கிக்கொண்டு வருகிறது. மாடி வீட்டின் படிக்கட்டு மாதிரி நினைத்துக்கொள்ளலாம். உச்சியில் தேனருவி. அதற்கு கீழே செண்பகாதேவி. அதற்கும் கீழே சிற்றருவி. தரைத்தளத்தில் பேரருவி.

பேரருவியில் இருந்து செண்பகாதேவிக்கு மலைப்பாதையில் சுமார் 2½ கி.மீ. அங்கிருந்து தேனருவிக்கு இன்னொரு 2½ கி.மீ. மொத்தம் 5 கி.மீ. தூரம்தான். பஸ்சில் போனால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் தூரம். மலையில் ஏறினால்தான் அந்த 5 கி.மீ. என்னவென்று தெரியும்.

பேரருவியில் விழுந்த பிறகு இந்த சிற்றாறு தென்காசி வழியாக ஓடி, நெல்லை மாவட்டம் சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் கலக்கிறது. வழியெங்கும் குளத்துக்கும், வயலுக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு போகிறது. குளிக்க வருகிறவர்களுக்கு அது அருவி. கீழே இருக்கிற விவசாயிக்கு அது நெல்லு.

பாதை எப்படி இருக்கும்?

பேரருவியை ஒட்டி மேலே ஏறினால் முதலில் வருவது சிற்றருவி. பெயருக்கு ஏற்ற மாதிரி சின்ன அருவி. அதைத்தாண்டினால் காட்டுப்பாதை. இனிமேல் கடை கிடையாது. டீ கிடையாது. செல்போன் சிக்னலையும் நம்ப முடியாது.

கல்லும், மரத்தின் வேரும், ஆங்காங்கே படிகளும் கலந்த ஏற்றம். வெயில் காலத்தில் சாதாரணமாக ஏறிவிடலாம். சாரல் காலத்தில் ஒவ்வொரு கல்லும் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். ரப்பர் செருப்பு போட்டு வந்தவர்கள் பாதி வழியிலேயே செருப்பை கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். மழைக்காலத்தில் அட்டை வேறு காலில் ஏறும்.

பல இடங்களில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளத்தில் ஆறு. மரங்களுக்கு நடுவே தண்ணீர் சத்தம் கூடவே வரும். சில இடத்தில் ஆறு கண்ணுக்கு தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். வழியில் சித்தர்கள் தங்கியதாக நம்பப்படும் குகைகளும் உண்டு. குரங்குகள் கூட்டமாக நிற்கும். கையில் பை இருந்தால் பிடுங்கிக்கொண்டு ஓடும்.

மூச்சு வாங்க ஏறினால் செண்பகாதேவி அம்மன் கோவில். பக்கத்திலேயே அருவி. இந்தப்பகுதியில் செண்பக மரங்கள் இருப்பதால் இந்தப்பெயர் என்று சொல்வார்கள். சித்ரா பவுர்ணமி இங்கே விசேஷம். அந்த சமயம் வனத்துறை அனுமதியோடு பக்தர்கள் மலையேறி வந்து சாமி கும்பிடுவார்கள்.

அருவி அவ்வளவு உயரம் இல்லை. பார்த்தால் சாதுவாக தெரியும். அங்கேதான் ஏமாந்து போகிறார்கள். அருவி விழும் இடத்தில் இருக்கிற தடாகம் ஆழமானது. மேலே அமைதியாக இருக்கும் தண்ணீருக்கு கீழே பாறை இடுக்கும், சுழலும் இருக்கும். நீச்சல் தெரிந்தவருக்கும் அது புது இடம்தான்.

செண்பகாதேவியை தாண்டினால் பாதை இன்னும் கரடுமுரடு. ஏற்றமும் அதிகம். கடைசியில் தேனருவி. செங்குத்தான பாறை. அதில் மலைத்தேனீக்கள் கூடு கட்டும். அதனால்தான் தேனருவி. பார்க்க கண் இரண்டு போதாது. ஆனால் பொதுமக்களுக்கு அங்கே அனுமதி இல்லை. அடர்ந்த காடு, யானை, கரடி, சிறுத்தை நடமாட்டம் உள்ள பகுதி.

கீழே இருந்து தேனருவி வரை ஏற, நல்லா நடக்கிற ஆளுக்கே 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

மேலே மழை, கீழே வெயில்... எப்படி?

குற்றாலம் ஊர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 170 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் தலைக்கு மேலே நிற்பது மேற்கு தொடர்ச்சி மலை. ஊருக்கும் மலை உச்சிக்கும் வானிலையே வேற.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு பருவமழை. அரபிக்கடலில் இருந்து வரும் மேகம் கேரள பக்கம் மலையில் மோதி அங்கேயே கொட்டித்தீர்த்து விடும். மலைக்கு இந்தப்பக்கம் இருக்கிற தமிழ்நாட்டு ஊர்களுக்கு பெரும்பாலும் காற்றுதான் மிச்சம். ஆனால் குற்றாலத்துக்கு மட்டும் ஒரு யோகம். பக்கத்தில் செங்கோட்டை கணவாய் இருக்கிறது. மலைத்தொடரில் விழுந்த இடைவெளி அது. செங்கோட்டையில் இருந்து ஆரியங்காவு, புனலூர் வழியாக கொல்லம் போகிற ரோடும், ரெயில் பாதையும் இந்த வழியாகத்தான் போகிறது. அதே வழியாகத்தான் மழைக்காற்றும் உள்ளே வருகிறது. அதுதான் குற்றால சாரல். ஊரில் நனைந்தும் நனையாமலும் தூறும்போது மலை உச்சியில் மழை பிடித்து பெய்துகொண்டு இருக்கும். கீழே இருப்பவருக்கு மேகம் மூடிய மலைதான் தெரியும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு பருவமழை. இது வேற ரகம். வங்கக்கடல் பக்கம் இருந்து வரும் மேகம் நேராக மலையின் இந்தப்பக்கம் மோதுகிறது. இது சாரல் இல்லை, கனமழை. 2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி மாவட்டங்களை புரட்டிப்போட்ட மழை இந்த பருவத்தில் வந்ததுதான்.

மூன்றாவது ஒன்று இருக்கு. அதுதான் ரொம்ப ஆபத்து. ஏப்ரல், மே மாத கோடை மழை. சீசன் இல்லை, அருவியில் நூல் மாதிரி தண்ணி விழும். பள்ளிக்கூடம் லீவு என்பதால் கூட்டமும் இருக்கும். மதியம் வரை வெயில் கொளுத்தும். திடீரென மலை மேல் இடி மேகம் திரண்டு ஒரு மணி நேரத்தில் கொட்டிவிட்டு போய்விடும். கீழே ஒரு சொட்டு கூட விழாமல் இருக்கலாம். யாருக்கும் சந்தேகமே வராது.

800 லாரி தண்ணீர்

ஒரு சின்ன கணக்கு. மலையில் 1 சதுர கி.மீ. பரப்பில் 1 செ.மீ. மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1 செ.மீ. என்பது பெரிய மழையே இல்லை. நம்ம ஊரில் கொஞ்ச நேரம் நல்லா பெய்தாலே வந்துவிடும். அந்த தண்ணீர் மொத்தம் எவ்வளவு தெரியுமா? 1 கோடி லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணி லாரியில் ஏற்றினால் 800 லாரிக்கு மேல் வரும்.

இது 1 சதுர கி.மீ., 1 செ.மீ. கணக்கு. மலையில் பெய்யும் மழை அதற்கு எத்தனையோ மடங்கு இருக்கும்.

சாதாரணமாக இவ்வளவும் ஒரேயடியாக இறங்காது. காரணம், காடு. மரத்தின் வேரும், உதிர்ந்த இலையும், மண்ணும் பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். மழை நின்று பல நாள் கழித்தும் அருவியில் தெளிந்த தண்ணீர் விழுகிறதே, அது இந்த காடு சேர்த்து வைத்து கொடுப்பதுதான். காடு இருக்கிறவரைதான் அருவி என்று சொல்வது சும்மா இல்லை.

ஆனால் பஞ்சுக்கும் ஒரு அளவு உண்டு. நாலு நாள் தொடர்ந்து மழை பெய்து மண் ஊறிப்போய் இருந்தால் அதற்குமேல் பிடிக்காது. அடுத்து பெய்வது அப்படியே ஓடிவரும். வெறும் பாறையில் விழும் மழையோ ஒரு சொட்டு கூட தங்காது. அதோடு இது செங்குத்தான மலை. பல ஓடைகளில் இறங்கும் தண்ணீர் எல்லாம் குறுகலான ஒரே ஆற்றில் வந்து சேர வேண்டும். அகலமான புனலின் வாய் மேலே, குழாய் கீழே. அந்த குழாய்க்கு கீழேதான் நாம் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறோம்.

இப்போது முதலில் சொன்ன கணக்குக்கு வருவோம். மனிதன் ஏற 2 மணி நேரத்துக்கு மேல். வெள்ளத்தண்ணீர் வினாடிக்கு 2½ மீட்டர் வேகத்தில் வந்தால் 5 கி.மீ. தூரத்தை கடக்க 33 நிமிடம் போதும். வேகம் கூடினால் நேரம் இன்னும் குறையும். தேனருவி பக்கம் நிற்கிற ஒருவர் வெள்ளத்தை கண்ணால் பார்த்தே கீழே ஓடிவந்தாலும், அவருக்கு முன்னால் தண்ணீர் வந்துவிடும். செண்பகாதேவியில் நிற்பவருக்கு கிடைக்கும் நேரம் அதில் பாதிதான்.

வேகத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கு ஆனால் அது ஆளை தள்ளும் பலம் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு ஆகிவிடும். மூன்று மடங்கு வேகம் என்றால் ஒன்பது மடங்கு பலம். "முழங்கால் அளவு தண்ணிதான, கடந்துரலாம்" என்று இறங்குகிறவர்கள் கால் வாரி விழுவது இதனால்தான். அடியில் இருப்பது பாசி படிந்த பாறை. தண்ணீரோடு உருண்டு வருவது கல்லும், மரக்கட்டையும்.

பொங்குமாங்கடலும் பாதுகாப்பு வளைவும்

பேரருவி சுமார் 60 மீட்டர் உயரம். இவ்வளவு உயரத்தில் இருந்து நேராக விழும் தண்ணீருக்கு கீழே யாராலும் நிற்க முடியாது. ஆனாலும் குழந்தைகள் கூட குளிக்கிறார்களே, எப்படி?

அதற்கு காரணம் பொங்குமாங்கடல். அருவியின் நடுவில் பாறையில் இயற்கையாக அமைந்த பெரிய பள்ளம் அது. மேலே இருந்து விழும் தண்ணீர் முதலில் அந்த பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகு பொங்கி வழிந்து பாறையில் பரவலாக கீழே இறங்குகிறது. இயற்கையே வைத்த ஸ்பீடு பிரேக்கர் என்று சொல்லலாம்.

வெள்ளம் வரும்போது இந்த ஸ்பீடு பிரேக்கர் வேலை செய்யாது. பள்ளம் நிரம்பி, தண்ணீர் பாறையில் படியாமல் எகிறி விழும். அப்போது கீழே இருக்கிற பாதுகாப்பு வளைவை தாண்டி கொட்டும். "பாதுகாப்பு வளைவை தாண்டி தண்ணீர் ஆர்ப்பரித்து கொட்டுகிறது, சுற்றுலா பயணிகள் குளிக்க தடை" என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அதற்கு அர்த்தம் இதுதான். அந்த வளைவு அழகுக்கு கட்டியது இல்லை. தண்ணீர் அதை தாண்டினால், மேலே இருந்து விழுவது தண்ணீர் மட்டும் இல்லை, கல்லாகவும் இருக்கலாம் என்பதற்கு அது எல்லைக்கோடு.

உயிர்களை பறித்த நிமிடங்கள்

2022 ஆகஸ்டில் பேரருவியில் திடீர் வெள்ளத்தில் சிக்கி 2 பெண்கள் உயிரிழந்தனர். குளிப்பதற்காக ஊரில் இருந்து சந்தோஷமாக கிளம்பி வந்தவர்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் பழைய குற்றாலத்தில் 4 வயது சிறுமி தண்ணீரில் இழுத்து செல்லப்பட்டு பள்ளத்தில் விழுந்தாள். பெற்றோர் கதறித்துடிக்க, அங்கு வந்திருந்த டிரைவர் ஒருவர் தன் உயிரை பெரிதாக நினைக்காமல் பள்ளத்தில் இறங்கி பிள்ளையை மீட்டு கொண்டுவந்தார். அந்த வீடியோவை பார்த்து கண் கலங்காதவர் இல்லை. எல்லா நாளும் அப்படி ஒரு ஆள் பக்கத்தில் இருக்க மாட்டார்.

2024 மே 17-ந்தேதி. கோடை விடுமுறை. சீசன் தொடங்கவே இல்லை. பழைய குற்றால அருவியில் குளித்துக்கொண்டு இருந்தவர்கள் மீது திடீரென காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. அலறி அடித்துக்கொண்டு படிக்கட்டில் ஓடினார்கள். நெல்லையை சேர்ந்த 17 வயது மாணவன் வெள்ளத்தில் அடித்து செல்லப்பட்டு பிணமாக மீட்கப்பட்டான். மேலே சொன்ன கோடை மழை ஆபத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இதெல்லாம் போலீசாரும், படிக்கட்டும், கைப்பிடி கம்பியும், ஓடுவதற்கு இடமும் இருக்கிற அருவிகளில் நடந்தவை. விசில் ஊத ஆளே இல்லாத காட்டுக்குள் இருக்கிற செண்பகாதேவியிலோ, தேனருவியிலோ இதே வெள்ளம் வந்தால்? வனத்துறை ஏன் கெடுபிடி காட்டுகிறது என்ற கேள்விக்கு பாதி பதில் இதிலேயே கிடைத்துவிடும்.

மீதி பதில் என்ன?

மேலே மாட்டிக்கொண்டால் வெளியே வருவது சுலபம் இல்லை. பாதை ஆற்றை ஒட்டியே போகிறது. வெள்ளம் வந்தால் இறங்கும் வழி அடைபட்டுவிடும். இருட்டிவிட்டால் தீயணைப்பு வீரர்களும் கயிற்றோடு அந்த வழுக்குப்பாறையில்தான் ஏறி வரவேண்டும். ஒருவரை காப்பாற்ற பத்து பேர் உயிரை பணயம் வைக்க வேண்டும். கால் சுளுக்கினாலே ஆளை டோலி கட்டித்தான் இறக்க முடியும். 108 ஆம்புலன்ஸ் சிற்றருவிக்கு மேலே வராது.

2018 மார்ச் 11-ந்தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. மலையேற்றத்துக்கு போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் உயிர் போனது. அதன்பிறகுதான் மலையேற்றத்துக்கு என்று தனி விதிமுறைகளை அதே ஆண்டு தமிழக அரசு கொண்டுவந்தது. எந்த காட்டுப்பாதையில் போவதானாலும் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், வழிகாட்டியோடு போக வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது.

பிறகு 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தை அரசு தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 மலைப்பாதைகள் தேர்வு செய்யப்பட்டன. அதில் குற்றாலம் - செண்பகாதேவி அருவி பாதையும் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்துகொண்டு, வனத்துறையின் பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போக வேண்டும். மலையை ஒட்டி வாழ்கிற உள்ளூர் இளைஞர்களையே வழிகாட்டியாக எடுத்திருப்பதுதான் இதில் நல்ல விஷயம். எந்த ஓடை எப்போது பெருகும், எந்த பக்கம் யானை இறங்கும் என்பது அவர்களுக்கு தெரியும்.

காட்டுத்தீ காலத்திலும், கனமழை எச்சரிக்கை இருந்தாலும் இந்த பாதைகளை மூடிவிடுவார்கள். ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாளே பாதை திறந்திருக்கா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. "நான் கூட்டிட்டு போறேன், வேற வழி தெரியும்" என்று யாராவது ரகசியமாக அழைத்தால் போக வேண்டாம். பிடிபட்டால் அபராதம், வழக்கு. பிடிபடாமல் போய் மாட்டிக்கொண்டால் அதைவிட மோசம். நீங்கள் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது.

தடை என்றால் வயிற்றில் அடி

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அருவியில் குளிக்க தடை என்றால் குற்றாலத்தில் ஒரு ஊரே சும்மா உட்கார வேண்டியதுதான். மங்குஸ்தான், ரம்புட்டான் பழம் விற்பவர், நேந்திரம் சிப்ஸ் கடைக்காரர், எண்ணெய் தேய்த்து விடுபவர், துண்டு விற்கிற பாட்டி, ஆட்டோ டிரைவர், லாட்ஜ் பையன் என்று எல்லோருக்கும் வருமானமே சீசனின் மூன்று மாதம்தான். கடன் வாங்கி கடையை ஏலம் எடுத்தவருக்கு நாலு நாள் தடை என்றால் நாலு நாள் வட்டி நஷ்டம்.

அதனால், "தண்ணி குறைஞ்ச பிறகும் திறக்க மாட்டேங்குறாங்க" என்ற புலம்பல் ஒவ்வொரு சீசனிலும் கேட்கத்தான் செய்கிறது. அதிலும் நியாயம் இருக்கு. மேலே மழை அளவை உடனுக்குடன் அளந்து கீழே தகவல் சொல்கிற கருவிகளும், ஆட்களும் எவ்வளவு சரியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு தேவையில்லாத தடையும் குறையும், தேவையான தடை சரியான நேரத்துக்கும் வரும். தேனருவி பக்கம் தண்ணீர் ஏறுவது தெரிந்தால் பேரருவிக்கு அரை மணி நேரம் கையில் கிடைக்கிறது. ஆயிரம் பேரை கரை ஏற்ற அரை மணி நேரம் தாராளமாக போதும். தகவல் இல்லாத அரை மணி நேரம்தான் ஆளை கொல்கிறது.

இந்த அறிகுறிகளை கவனிங்க...

கீழே பேரருவியில் குளித்தாலும் சரி, அனுமதியோடு செண்பகாதேவிக்கு நடந்தாலும் சரி, இவற்றில் ஒன்று தெரிந்தால்கூட உடனே தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

* தெளிவாக விழுந்த தண்ணீர் திடீரென செம்மண் நிறத்தில் கலங்குவது. இதுதான் முதல் அடையாளம்.

* இலை, சருகு, குச்சி, மரத்துண்டு தண்ணீரோடு வர தொடங்குவது.

* அருவி சத்தம் மாறுவது. இரைச்சல் திடீரென கூடினாலோ, மேலே கல் உருள்கிற மாதிரி சத்தம் கேட்டாலோ ஒரு நிமிடம் கூட நிற்கக்கூடாது.

* தண்ணீர் காரணம் இல்லாமல் திடீரென குறைவது. மேலே எங்கேயாவது மரம் விழுந்து அடைத்து நிற்கலாம். அடைப்பு உடைந்தால் மொத்தமும் ஒன்றாக வரும்.

* மலை உச்சியில் கருமேகம், இடி, மின்னல். கீழே வெயில் அடித்தாலும் சரி.

வெள்ளம் வந்துவிட்டால் ஆற்றின் போக்கிலேயே கீழ் நோக்கி ஓடக்கூடாது. தண்ணீர் உங்களைவிட வேகமாக ஓடும். பக்கவாட்டில் மேட்டை பார்த்து ஏற வேண்டும். செருப்பு, செல்போன், பை எதற்கும் திரும்பக்கூடாது. எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் கடக்க முயற்சி செய்யாமல் மேடான இடத்தில் காத்திருக்க வேண்டும். மலையில் மழை நின்றால் வந்த வெள்ளம் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். ஒரு இரவு பசியோடு உட்கார்ந்திருப்பதால் யாரும் சாவதில்லை. அவசரப்பட்டு இறங்கியவர்கள்தான் போயிருக்கிறார்கள்.

தண்ணீரில் அடித்து செல்லப்படுபவரை பார்த்து பின்னாலேயே குதிக்கவும் கூடாது. துண்டு, சேலை, கம்பு, கயிறு எது கிடைத்தாலும் கரையில் நின்றபடி நீட்ட வேண்டும். போலீசுக்கும், தீயணைப்பு துறைக்கும் 112-ல் தகவல் சொல்லலாம்.

செண்பகாதேவிக்கு நடப்பவர்கள் காலையிலேயே ஏறி, மதியத்துக்குள் இறங்கிவிடுவது நல்லது. பிடிப்பான ஷூ போட வேண்டும். மது அருந்திவிட்டு மலை ஏறவோ, அருவியில் இறங்கவோ கூடவே கூடாது. பாலித்தீன் பையை காட்டில் போடாமல் திரும்ப எடுத்து வர வேண்டும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் பயன்படுத்த ஐகோர்ட்டு மதுரை கிளை தடை போட்டிருக்கிறது. கீழே இந்த தண்ணீரைத்தான் ஊர் ஊராக குடிக்கிறார்கள்.

இனிமேல் குற்றாலத்தில் விசில் சத்தம் கேட்டால் போலீஸ்காரரிடம் சண்டைக்கு போகாதீங்க. அருவியை பார்க்காதீங்க, அண்ணாந்து மலையை பாருங்க. மேகம் மூடி இருந்தால் பிள்ளைகளை தூக்கிக்கொண்டு கரை ஏறிவிடுங்க. தண்ணி வடிந்ததும் மறுபடி குளிச்சுக்கலாம். அருவி எங்கேயும் போய்விடாது.